பீச் ரோட்டுல ஓட்டின ஸ்கேட்டோட பாரீஸ் திரும்பறோம்: பேரிங், தூக்கம், முதல் ஞாயிறு ஓட்டம்

சர்செல்_பாண்டி:

வணக்கம். லீவு முடிஞ்சு வர்ற சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி முத்தியால்பேட்டையிலேர்ந்து கிளம்பறோம். சென்னை வழியா பாரீஸ். செப்டம்பர் முதல் வாரம் பொண்ணுக்கு (11 வயசு) பள்ளிக்கூடம் திறக்குது. கேள்வி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கு, அதனால ஒரே இடத்துல கேக்கறேன்.

எங்ககிட்ட இன்லைன் ஸ்கேட் (சக்கரம் எல்லாம் ஒரே வரிசையில இருக்கறது) ரெண்டு ஜோடி. என்னுதுல 80 மி.மீ. சக்கரம், அவளுதுல 72. சாயங்காலம் 6 மணிக்கு பீச் ரோட்டுல வண்டிகளை நிறுத்தினதும் ரெண்டு பேரும் ஓட்டினோம். இப்போ சக்கரம் சுத்தினா கரகரன்னு சத்தம், பேரிங் மூடியில ஆரஞ்சு கலர்ல பொடி. இங்கயே ஏதாவது செய்யணுமா, அங்க போய்ப் பாத்துக்கலாமா?

ரெண்டு வாரமா அவ இன்லைனைத் தொடவே இல்ல. தாத்தா வாங்கிக் கொடுத்த ஷூ ஸ்கேட்தான் (முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு சக்கரம்). திரும்ப இன்லைனுக்கு மாறும்போது எதைக் கவனிக்கணும்?

பாரீஸ்ல பஸ்தீல் சதுக்கத்துல இருந்து ஸ்கேட் போட்டவங்க கூட்டமா கிளம்பற ஞாயிறு ஓட்டத்துக்கு, போய் இறங்கின முதல் ஞாயித்துக்கிழமையே போகலாமா?

பெட்டியில அம்மா வஞ்சிரக் கருவாடு, நெய், கறிவேப்பிலை, பண்ருட்டி முந்திரின்னு அடுக்கிட்டே இருக்காங்க. எதை எடுக்கலாம், எதை விடணும்?

கடைசியா, போன தடவை போனதும் ஒரு வாரம் விடியக்காலை 3 மணிக்கே வீடு முழுக்க முழிச்சிருந்துச்சு. அதுக்கும் வழி சொல்லுங்க.

எட்டுச்சக்கரம்:

மத்தது எல்லாம் காத்திருக்கும், பேரிங் காத்திருக்காது. உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், பெட்டிக்குள்ள பூட்டி வச்சாலும் துரு ஏறிட்டேதான் இருக்கும். அதோட, கழுவறதுக்கான ஸ்பிரிட்டையோ ஸ்ப்ரேயையோ ஃப்ளைட்டுல எடுத்துட்டுப் போக முடியாது. அதனால கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இங்கயே முடிச்சிடுங்க. ஒரு ஜோடிக்கு 8 சக்கரம், சக்கரத்துக்கு ரெண்டு, ஆக 16 பேரிங். ரெண்டு ஜோடிக்கு 32. அரை நாள் வேலை.

தேவையானது: அச்சைக் கழட்ட 4 மி.மீ. அல்லன் கீ (சில ஸ்கேட்டுக்கு நட்சத்திரத் தலை, டி25), குண்டூசி, பழைய டூத் பிரஷ், மூடி போட்ட கண்ணாடி பாட்டில், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், பாத்திரம் கழுவற சோப்பு நாலு சொட்டு, தையல் மெஷின் எண்ணெய். தண்ணி மட்டும் கேன் தண்ணியா இருக்கட்டும். கடலோரத்துல பல வீட்டு போர் தண்ணியிலயே உப்பு இருக்கு, அதுல கழுவினா பழையபடி அதே கதைதான்.

சக்கரங்களைக் கழட்டி, எது எந்த இடத்துலேர்ந்து வந்துச்சோ அதே வரிசையில பேப்பர் மேல வைங்க. பேரிங்கை வெளியே தள்ள, கழட்டின அச்சையே கொஞ்சம் சாய்ச்சு ஒரு பக்கமா உள்ள விட்டு, எதிர்ப்பக்கப் பேரிங்கோட உள்வளையத்துல முட்டுக் கொடுத்து அழுத்துங்க. நடுவுல இருந்து ஒரு சின்னக் குழாய் விழும், அதுதான் ஸ்பேசர். அதைத் தொலைச்சிட்டா, அப்புறம் அச்சை இறுக்கும்போதெல்லாம் சக்கரம் நின்னுடும்.

இப்போ ஒவ்வொண்ணையும் விரல்ல மாட்டி மெதுவா சுத்திப் பாருங்க. சரசரன்னு மணல் சத்தம் மட்டும் வந்தா கழுவினா சரியாயிடும். ஒரே இடத்துல தடுக்கித் தடுக்கிச் சுத்தினா உள்ள ஓடுபாதையில குழி விழுந்துடுச்சு, அதுக்கு மேல எண்ணெய் ஊத்திப் பிரயோஜனம் இல்ல, மாத்திடுங்க. வெளியே தெரியற ஆரஞ்சுப் பொடியை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. பல நேரம் அது மூடியில மட்டும்தான் இருக்கும்.

மூடி ரப்பரா இருந்தா உள் விளிம்புல ஊசியைக் கொடுத்து நெம்பினா வந்துடும். உலோகமா இருந்தா சுத்தி ஒரு மெல்லிய கம்பி வளையம் இருக்கும். அதோட வெட்டு முனையை ஊசியால தூக்கினா வளையம் வந்துடும், மூடியைக் கவுத்துத் தட்டலாம்.

கழுவற வரிசையிலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க. எல்லா வழிகாட்டியிலயும் ஆல்கஹால்ல ஊறப்போடுன்னு இருக்கும். அது தூசிக்கும் பழைய எண்ணெய்க்கும் சரி. ஆனா கடல் உப்பு அந்த ஆல்கஹால்ல கரையாது, அதுக்குத் தண்ணிதான் வேணும். அதனால முதல்ல ஆல்கஹால்ல போட்டு ரெண்டு நிமிஷம் குலுக்கி அழுக்கை எடுங்க. அப்புறம் வெதுவெதுப்பான கேன் தண்ணி, சோப்பு கலந்து ஒரு நிமிஷம். அப்புறம் வெறும் தண்ணி ஒரு தடவை. உடனே, தாமதிக்காம, புது ஆல்கஹால்ல ரெண்டு தடவை. கடைசி ஆல்கஹால் தண்ணியை இழுத்துட்டு வெளியே வந்துடும், அதனாலதான் துரு பிடிக்காது. துணியில தட்டி, ஃபேனுக்கு அடியில பத்து நிமிஷம். காஞ்சதும் ஆளுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதிகபட்சம் ரெண்டு. காஞ்ச பேரிங்கை எண்ணெய் போடாம ராத்திரி முழுக்க வைக்காதீங்க. காத்தடிக்கிற பம்புல வச்சு விர்ருனு சுத்தியும் பாக்காதீங்க, எண்ணெய் இல்லாம சுத்தினா குண்டு கீறிடும்.

மாட்டும்போது மூடி உள்ள பக்கம் வெளியே பார்த்த மாதிரி. அச்சை இறுக்கினதும் சக்கரம் தடையில்லாம சுத்தணும், பக்கவாட்டுல ஆட்டினா ஆடக்கூடாது.

சக்கரத்தையும் அப்படியே இடம் மாத்திடுங்க. ஒண்ணாவதும் மூணாவதும், ரெண்டாவதும் நாலாவதும் மாறணும், அதோட இடது காலுக்கும் வலது காலுக்கும் மாத்தி, தேஞ்ச ஓரம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க. உள் ஓரம்தான் எப்பவும் முதல்ல தேயும்.

அண்ணாசாலை:

இவ்ளோ வேலையா? டபிள்யூ.டி-40 (துரு இளக்கற ஸ்ப்ரே) அடிச்சா ரெண்டே நிமிஷம். இல்லேன்னா மெக்கானிக் கடையில பெட்ரோல்ல ஊறப்போட்டுக் குடுப்பாங்க.

எட்டுச்சக்கரம்:

தம்பி, சாதா டபிள்யூ.டி-40 உள்ள இருக்கற எண்ணெயையும் கரைச்சு வெளியே தள்ளிடும், அது விட்டுட்டுப் போற படலம் ரொம்ப மெல்லிசு. ஒரு வாரம் நல்லா ஓடும், அப்புறம் முன்னைவிட அதிகமா கத்தும். மணலும் உப்பும் உள்ளயேதான் இருக்கும், மூடியைத் திறக்காம அடிச்சா இன்னும் உள்ள போகும். பெட்ரோல் கிரீஸை நல்லா எடுக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா ரப்பர் மூடி ஊதிப்போய் திரும்ப உக்காராது. வீட்டுக்குள்ள வச்சுச் செய்யற வேலையும் இல்ல அது. அதுலயும் உப்பு கரையாது.

கடலூர்_ஓடி:

பெட்டி விஷயம் நான் சொல்றேன் அக்கா. அம்மா அடுக்கினதுல கருவாடுதான் கவலை இல்லாதது, கேக்கறவங்க நம்பவே மாட்டாங்க. வெளிநாட்டுலேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள சொந்த உபயோகத்துக்கு மீன் கொண்டு போக ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் அனுமதி இருக்கு. காய வச்சதும் அதுல சேரும். நெய்தான் போகாது. பால் பொருள், இறைச்சி ரெண்டும் அளவு எவ்வளவு குறைவா இருந்தாலும் தடை. பால்கோவா, பன்னீர், உப்புக்கண்டம், பொட்டலம் கட்டின கோழி வறுவல் எல்லாம் அந்தக் கணக்குதான். பிடிச்சா எடுத்துடுவாங்க, அபராதமும் உண்டு. பலகாரம் வேணும்னா எண்ணெய்ப் பலகாரமா செய்யச் சொல்லுங்க: முறுக்கு, அதிரசம், தட்டை.

கறிவேப்பிலை பச்சையா போகாது. 2019 டிசம்பர்லேர்ந்து பச்சை இலை, பழம், காய்க்கெல்லாம் தாவர நலச் சான்று கேக்கறாங்க. விலக்கு உள்ளது அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியன் மட்டும்தான். பண்ருட்டி பலாச்சுளை, மாம்பழம் எல்லாம் இங்கயே சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. கறிவேப்பிலையை நிழல்ல ரெண்டு நாள் காய வச்சுப் பொடியா எடுத்துட்டுப் போங்க, பருப்புப் பொடியோட போட்டா இன்னும் நல்லது. வறுத்த முந்திரிக்குப் பிரச்சினை இல்ல. கொப்பரை மட்டும் பெட்டியில வேண்டாம், தானாத் தீப்பிடிக்கற சரக்குன்னு விமானத்துல தடை. ஊறுகாய் கைப்பையில வேண்டாம்.

பாட்டி பேத்திக்குத் தங்கம் ஏதாவது போட்டுவிட்டா கவனம். விமானத்துல வர்றவங்களுக்கு, வெளியே வாங்கின பொருளுக்கு வரியில்லாத வரம்பு ஆளுக்கு 430 யூரோ, 15 வயசுக்குக் கீழே 150 யூரோதான். குடும்பத்துக்கெல்லாம் சேத்து ஒரே பொருள் மேல கூட்டிக்க முடியாது.

ஸ்கேட்டும் அல்லன் கீயும் பெரிய பெட்டியில போகட்டும். சக்கரம் மேல பாத்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு எதிரெதிரா வச்சு, ஸ்கேட் பூட்ஸுக்குள்ள சாக்ஸை அடைச்சா இடம் மிச்சம். முக்கியமா, கருவாடு ஒரு பெட்டி, ஸ்கேட் வேற பெட்டி. ஸ்கேட்டுக்குள்ள இருக்கற பஞ்சு உறை வாசனையைக் குடிச்சா, அடுத்த கோடை வரைக்கும் பஸ்தீல்ல உங்க பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க. கருவாட்டை ரெண்டு ஜிப் பைக்குள்ள காத்தை வெளியேத்தி மூடி, அதை ஒரு எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடியைச் சுத்தி டேப் ஒட்டுங்க.

சர்செல்_பாண்டி:

ரொம்ப நன்றி. கருவாடு போகும்னு சொன்னதும் அம்மா இன்னொரு கிலோ வாங்கிட்டாங்க! எட்டுச்சக்கரம் அண்ணா, மூணு பேரிங்ல உலோக மூடிக்கு வளையமே இல்ல, அழுத்தி மூடின மாதிரி இருக்கு. என்னோட வலது கால் ஸ்கேட்ல ஒரு அச்சு சுத்தவே மாட்டேங்குது.

எட்டுச்சக்கரம்:

வளையம் இல்லாததைத் திறக்கப் பாக்காதீங்க, மூடி நெளிஞ்சிடும். அந்த மூணுக்கும் புதுசு வாங்கிடுங்க. அளவு 608: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. மோட்டார், கிரைண்டர் பேரிங் விக்கற எந்தக் கடையிலயும் கிடைக்கும். 608-2ஆர்எஸ்னு கேளுங்க, ரெண்டு பக்கமும் ரப்பர், மணலுக்கு அதுதான் சரி. இசட்இசட்ன்னா உலோக மூடி. டப்பாவுல ஏபெக் 7, ஏபெக் 9னு போட்டு விலை ஏத்துவாங்க. அது அளவு எவ்வளவு துல்லியம்னு சொல்ற எண்தான். பீச் ரோட்டுக்கோ பாரீஸ் நடைபாதைக்கோ அதால ஒரு லாபமும் இல்ல.

ஓடாத அச்சு: அலுமினிய ஃபிரேமுல எஃகு அச்சு, நடுவுல உப்புத் தண்ணி. ரெண்டு உலோகமும் சேந்து அரிச்சுப் பிடிச்சிருக்கும். அல்லன் கீயை அரைகுறையா விட்டுத் திருப்பினா தலை வழுவழுன்னு ஆயிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும். தலைக்குள்ள மண்ணு இருந்தா ஊசியால சுரண்டி எடுத்துட்டு, கீயை முழுசா இறக்கி, அதோட முதுகுல சின்னச் சுத்தியால நாலு தட்டு தட்டுங்க. டபிள்யூ.டி-40 இங்கதான் வேலைக்கு ஆகும் (அண்ணாசாலை தம்பிக்கு சந்தோஷம்), ரெண்டு பக்கமும் அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. காலையில முதல்ல இறுக்கற பக்கம் ஒரு நூல் அளவு திருப்பி, அப்புறம் கழட்டற பக்கம். உருண்டைத் தலை வச்ச கீ வேண்டாம். கழன்டதும் மறையை டூத் பிரஷ்ல தேச்சு, துடைச்சு, காய வச்சுத்தான் திரும்பப் போடணும்.

ஸ்கேட்டுக்குள்ள இருக்கற துணி உறைகளை வெளியே எடுத்துக் கையால துவைங்க. ஆகஸ்ட்டுல இங்க வெயில் இருந்தாலும் காத்துல ஈரம் ஜாஸ்தி, நிழல்ல ஃபேன் போட்டு, உள்ள பேப்பர் அடைச்சு, ரெண்டு தடவை பேப்பரை மாத்தணும். வெள்ளிக்கிழமை துவைச்சா சனிக்கிழமைக்குள்ள காயாது. ஈரத்தோட பெட்டியில போட்டா பாரீஸ்ல திறக்கும்போது பூஞ்சை வாசனைதான். அங்க போய் ரேடியேட்டர் மேல வச்சுக் காய வைக்கறதும் வேண்டாம், உறையும் பூட்ஸும் வளைஞ்சிடும்.

இரவுப்பணி_நர்ஸ்:

தூக்கத்தைப் பற்றி முதலில். கோடையில் பாரீஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். பாரீஸில் மாலை 7 மணி என்றால் உங்கள் உடம்புக்கு இரவு 10.30; அங்கே அதிகாலை 2.30 என்றால் இங்கே காலை 6. அதனால்தான் சாயங்காலமே சொக்கி விழுந்து, விடிவதற்குள் விழித்துக்கொள்கிறீர்கள். மேற்கே போகும்போது உடம்புக் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். அதைத் தள்ளுவது மாலை வெளிச்சம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே இருட்ட எட்டரை மணி ஆகிறது. 6 முதல் எட்டரை வரை வீட்டுக்குள் உட்காராமல் வெளியே நடங்கள். விடியற்காலை வெளிச்சம் எதிர்த்திசையில் இழுக்கும், முதல் மூன்று நாள் ஏழரை மணி வரை திரையை மூடியே வையுங்கள். 3 மணிக்கு விழிப்பு வந்தால் விளக்கையும் போனையும் தொடாதீர்கள். முக்கியமாக, அந்த நேரத்தில் இட்லி ஊற்றாதீர்கள்! வயிற்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு, அது இந்திய நேரத்திலேயே நின்றுவிடும். பகலில் தூங்கினால் 20 நிமிடம், மதியம் 3 மணிக்கு முன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமோ சற்று கூடுதலாகவோ நகரும், ஆக மூன்று நான்கு நாளில் சரியாகிவிடும். பள்ளி திறப்பதற்குள் அத்தனை நாள் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இதில் ஸ்கேட்டிங்குக்கு ஒரு முரண் உண்டு. மாலை வெளிச்சம் வேண்டும், ஆனால் அந்த மாலை உங்கள் உடம்புக்கு நடு இரவு. கண் திறந்திருக்கும், கால் தாமதமாகத்தான் பதில் சொல்லும். முதல் இரண்டு மாலை நடை மட்டும். ஸ்கேட் வேண்டுமென்றால் காலை 10 மணிக்கு மேல்.

அடுத்தது கால். நீண்ட பயணத்துக்குப் பிறகு இரண்டு பாதமும் சமமாக வீங்குவது வழக்கம், ஓரிரு நாளில் வற்றிவிடும். ஒரு மாதம் செருப்போடு நடந்த பாதமும் அகன்றிருக்கும். அந்த நிலையில் ஸ்கேட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "அளவு சின்னதாகிவிட்டது" என்று புதிது வாங்க ஓடாதீர்கள். மகளுக்கு மட்டும் நான்கு நாள் கழித்து அளந்து பாருங்கள்: சுவரில் குதிகாலை ஒட்டி நிறுத்தி, நீளமான விரல் வரை, மாலை நேரத்தில்.

ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அதை "ஸ்கேட்டிங் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் காலில் இரத்தம் உறைய வாய்ப்பு உண்டு, சில வாரம் வரை. அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் அவசர எண் 15 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சலும் அப்படித்தான். டெங்கு கொசு கடித்து 3 முதல் 14 நாளுக்குள் காட்டும். உடம்பு வலி, மூட்டு வலியோடு தொடங்குவதால் "ரொம்ப நாள் கழித்து ஸ்கேட் பண்ணினது" என்று நினைத்து இபுப்ரோஃபென் போட்டுவிடுவார்கள். டெங்குவில் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் மட்டும், மருத்துவரிடம் போனதும் முதல் வரியிலேயே "இந்தியாவிலிருந்து இத்தனை நாள் முன் வந்தோம்" என்று சொல்லுங்கள். திரும்பி மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் இதைச் சொல்ல வேண்டும், மலேரியாவும் டைஃபாய்டும் தாமதமாக வரக்கூடியவை. பாரீஸ் பகுதியிலும் இப்போது புலிக் கொசு இருக்கிறது. காய்ச்சல் உள்ளவரைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் அங்கே பரவாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழாய்கள். ஒரு மாதம் நின்ற தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற, நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஷவர் தலையைக் கழற்றியோ வாளிக்குள் இறக்கியோ, சுடுதண்ணீர், குளிர்தண்ணீர் இரண்டையும் சில நிமிடம் ஓட விடுங்கள். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போயிருந்தால் 60 டிகிரி வரை சூடேறிய பிறகு குளியுங்கள்.

பஸ்தீல்_ஞாயிறு:

முதல் ஞாயிறு வேண்டாம், ரெண்டாவது ஞாயிறு வாங்க. நீங்க சனி ராத்திரி கிளம்பினா முதல் ஞாயிறு பெட்டி பிரிக்கறதுலயே போயிடும், அதுல ஓட்டம் வேறயா.

பஸ்தீல்ல 2.30 மணிக்குக் கிளம்பறது இலவசம், சுமார் மூணு மணி நேரம், 20 கிலோமீட்டர் பக்கம். பொறுமையான ஓட்டம்தான், ஆனா நினைச்ச இடத்துல நிக்கத் தெரியணும், கூட்டத்துல முன்னாடி இருக்கறவங்க திடீர்னு நிப்பாங்க. ரோடு ஈரமா இருந்தா ரத்து. வெள்ளிக்கிழமை ராத்திரி மொம்பர்னாஸ்ல கிளம்பறது வேற ரகம், 30 கிலோமீட்டர், வேகம் அதிகம், தேறினவங்களுக்குத்தான். பொண்ணோட அதுக்கு வேண்டாம்.

அதுக்கு முன்னாடி சேன் நதி வலது கரை. 2016-ல் காருக்கு மூடினாங்க, முன்னாடி வேகச் சாலையா இருந்த இடம், அதனால தார் வழவழப்பு. புதன் காலையில 20 நிமிஷம், வெள்ளி 40 நிமிஷம், அவ்வளவு போதும். மூச்சு முதல்லயே ஒத்துழைக்கும், உள் தொடையும் இடுப்போரத் தசையும்தான் அரை மணியில கைவிடும். கால் உள்பக்கமா சாய ஆரம்பிச்சா அன்னைக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். விழறது எல்லாம் அதுக்கப்புறம் ஓட்டற "இன்னும் ஒரு ரவுண்டு"லதான்.

பொண்ணு விஷயம். ஷூ ஸ்கேட்ல பிரேக் முன்னாடி, விரல் நுனியில இருக்கு. குதிகாலைத் தூக்கினா நிக்கும். இன்லைன்ல பிரேக் பின்னாடி குதிகால்ல இருக்கு, விரலைத் தூக்கணும். ரெண்டு வாரம் பழகின கால் பதட்டத்துல பழைய வேலையைத்தான் செய்யும்: இன்லைன்ல குதிகாலைத் தூக்கினா முன்சக்கரம் குத்தி மூஞ்சி முன்னாடி போயிடும். அதனால முதல் நாள் புல்லு மேல, நின்ன இடத்துலயே ஆரம்பிங்க. பிரேக் உள்ள காலை அரை அடி முன்னாடி தள்ளணும், நாற்காலியில உக்கார்ற மாதிரி மடங்கணும், முன் விரலைத் தூக்கணும். இருபது தடவை. அப்புறம் தார்ல மெதுவா உருண்டுக்கிட்டே இருபது தடவை. நீங்க "நில்லு"ன்னு சொன்ன நொடியே சரியான கால் முன்னாடி வர்ற வரைக்கும் ஓட்டத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க. ஷூ ஸ்கேட் பழகினவங்க உடம்பை நேரா வச்சிருப்பாங்க, அதையும் பாருங்க. இன்லைன்ல முழங்காலை மடக்கி, கீழ்க்காலோட முன்பக்கம் பூட்ஸோட நாக்கை (முன்பக்க மடலை) அழுத்திக்கிட்டே இருக்கணும்.

பிரேக் ரப்பர்ல ஒரு கோடு இருக்கும், அதுக்குக் கீழ தேஞ்சிருந்தா கிளம்பறதுக்கு முன்னாடியே மாத்துங்க. பீச் ரோடு சமதரை, அங்க தேஞ்சது தெரியாது. பாரீஸ்ல பாலத்துலேர்ந்து இறங்கும்போதுதான் தெரியும்.

சட்டம்: ரோலர் போட்டவங்க பிரான்ஸ்ல பாதசாரிதான், சைக்கிள் பாதை உங்களுக்கு இல்ல, நடைபாதையில நடக்கற வேகத்துல போகணும். தலைக்கவசம் கட்டாயம் இல்ல, ஆனா 11 வயசுக்கு மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் இல்லாம கிளம்பாதீங்க.

கடலூர்_ஓடி:

ஒண்ணு விட்டுப் போச்சு. நீங்க கேக்கல, ஆனா போன ரெண்டாம் நாளே வர்ற பிரச்சினை: தாத்தா பாட்டிக்கு எப்போ போன் பண்றது. வேலை முடிஞ்சு பாரீஸ்ல ராத்திரி 8 மணிக்குப் பண்ணினா இங்க 11.30, பெரியவங்க மாத்திரை போட்டுப் படுத்திருப்பாங்க. எடுப்பாங்க, எடுத்துட்டு அப்புறம் தூங்க மாட்டாங்க. பள்ளிக்கூடம் புதன் மதியம் இல்லேன்னா, புதன் 2.30க்குப் பண்ணுங்க, இங்க சாயங்காலம் 6. மத்த நாள் காலையில 7.30, இங்க 11 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தைத் திருப்பினதும் வித்தியாசம் நாலரை மணி ஆயிடும், 2.30ன்னா இங்க 7. அதை முன்கூட்டியே தாத்தா வீட்டுக் காலண்டர்ல எழுதி வச்சிட்டு வாங்க, இல்லேன்னா அந்தப் புதன்கிழமை ஒரு மணி நேரம் போனைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.

வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபால் வந்திருந்தா தபால் ஆபீஸ்ல 15 நாள்தான் வச்சிருப்பாங்க. ஒரு மாசம் ஊர்ல இருந்ததால அறிவிப்புச் சீட்டு இருந்தும் தபால் திரும்பிப் போயிருக்கலாம், யார் அனுப்பினதுன்னு பாத்து அவங்களுக்கே எழுதுங்க.

சர்செல்_பாண்டி:

அச்சு கழன்டுடுச்சு அண்ணா, முதல்ல இறுக்கச் சொன்னதுதான் வேலை செஞ்சுது. நெய்யை அம்மா மனசில்லாம வெளியே எடுத்துட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம்: ஷூ ஸ்கேட்டை இங்கயே பரண்ல வச்சிட்டு அடுத்த வருஷம் எடுத்துக்கலாமா?

எட்டுச்சக்கரம்:

பரண் வேண்டாம். ஓட்டுக்கடியில வெயில் காலத்துல கொதிக்கும், மழைக்காலத்துல ஈரம் ஏறும். பாலியூரித்தேன் சக்கரமும் அடிப்பாகமும் அந்தச் சூட்டுலயும் ஈரத்துலயும் உள்ளுக்குள்ளயே பிரிஞ்சு, பாக்க நல்லா இருக்கும், மாட்டி நின்னா பிஸ்கட் மாதிரி உதிரும். வச்சே ஆகணும்னா பேரிங்குக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் கூடவே விட்டு, துணிப் பையில போட்டு (பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க), ஆள் புழங்கற அறையில அலமாரியோட கீழ்த்தட்டுல வைங்க. மாசம் ஒரு தடவை யாராவது எடுத்துச் சக்கரத்தைக் கையால சுத்திவிடச் சொல்லுங்க. ஆனா 11 வயசுப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் அது பத்தாது. பக்கத்து வீட்டுலயோ சொந்தத்துலயோ எட்டு ஒன்பது வயசுல யாராவது இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி குடுத்துட்டுப் போங்க, முன் பிரேக் ரப்பர் இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு.